ஒரே ஆட்களிடம் ஐம்பது வருடமாகக் கேள்வி கேட்பது எதற்கு?

தயிர்வடை:
மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968-இல் தொடங்கிய வருமான ஆய்வைப் பற்றிப் படித்தேன். சுமார் 5000 அமெரிக்கக் குடும்பங்களில் ஆரம்பித்து, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனால் அவர்கள் பின்னாலேயும் போய், இன்று பேரன் பேத்தி வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். ஒவ்வொரு முறையும் புதிதாக 5000 பேரைப் பிடித்தால் என்ன குறை? இத்தனை வருடத்தில் எத்தனை பேர் செத்தோ சலித்தோ போயிருப்பார்கள், மிச்சப் பேரை வைத்து நாட்டைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

கணக்குப்பிள்ளை:
போன வருடம் நூற்றுக்குப் பத்துப் பேர் ஏழை, இந்த வருடமும் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பத்துப் பேரா, வேறு பத்துப் பேரா? புது ஆட்களிடம் கேட்டால் இது தெரியவே தெரியாது. மேரி ஜோ பேன், டேவிட் எல்வுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் இதே ஆய்வை வைத்துப் பார்த்தார்கள். வறுமையில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறார்கள், ஆனால் ஏதாவது ஒரு நாளில் எண்ணினால் ஏழைகளாக இருப்பவர்களில் பாதிக்கு மேல் நீண்டகாலமாகச் சிக்கியவர்கள். ஆஸ்பத்திரி மாதிரிதான், வந்து போகிறவர்கள் நிறைய, கட்டிலை அடைத்துக்கொண்டிருப்பவர்கள் வேறு.

பழையபேப்பர்:
தலைமுறைக் கணக்கும் இதில்தான் மாறியது. அப்பாவின் ஒரு வருட வருமானத்தை மட்டும் மகனுடையதோடு ஒப்பிட்டவர்களுக்குத் தொடர்பு (0 என்றால் சம்பந்தமே இல்லை, 1 என்றால் முழுக்க ஒட்டிப் போகிறது) 0.2 அல்லது அதற்கும் கீழேதான் வந்தது, பிறப்பு ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். காரி சோலன் என்ற பொருளாதார அறிஞர் 1992-இல் பல வருடச் சராசரியை எடுத்தார், 0.4-க்குக் குறையவில்லை. ஒரு வருடம் வேலை போயிருக்கலாம், ஒரு வருடம் போனஸ் வந்திருக்கலாம், அந்த ஒன்றை வைத்து மனிதனை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும்.

கதவுதட்டி:
நான் சில வருடம் இந்த மாதிரி ஒரு ஆய்வில் வீடுவீடாகப் போய்க் கேட்டிருக்கிறேன். கேள்வி சுலபம், ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. அதனால் முதல் சந்திப்பிலேயே, வீடு மாறினால் யாரைக் கேட்டால் தெரியும் என்று இரண்டு சொந்தக்காரர் பெயரை வாங்கிவிடுவோம். அப்புறம் ஞாபகம். வேலையை எந்த மாதம் விட்டீர்கள் என்றால், பலருக்கும் அது சரியாகப் போன பேட்டி முடிந்த மறுமாதமாகவே இருக்கும்! அதனால் "போன தடவை இங்கே வேலை என்றீர்கள், இப்பவும் அங்கேதானா?" என்று எடுத்துக்கொடுப்போம். விலகியவர்களின் இடத்தை, அவர்களைப் போன்ற மற்றவர்களின் பதிலுக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுத்து, அதாவது ஒருவரை ஒரு ஆளுக்கு மேலாக எண்ணி, ஈடுகட்டுவார்கள். ஆனால் வேலை போனதாலேயே ஊரை விட்டுப் போனவருக்கு அந்த எடை உதவாது, தயிர்வடை கேட்டது அந்த அளவில் நியாயம்தான்.

கணக்குப்பிள்ளை:
ஆட்கள் மட்டுமா விலகுகிறார்கள், ஆய்வே ஆட்களை விடுவதும் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை நடத்தும் ஆய்வு 1979-இல் 12,686 இளைஞர்களோடு தொடங்கியது. 1984-இல் ராணுவத்தினரில் பெரும்பாலோரையும், 1990-இல் ஏழை வெள்ளையர் பிரிவையும் நிறுத்திவிட்டு, 9,964 பேரோடு ஓட்டினார்கள்.

தயிர்வடை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1968-க்குப் பிறகு குடியேறியவர்கள் அந்த 5000-க்குள் எப்படி வருவார்கள்?

பழையபேப்பர்:
வரமாட்டார்கள். கல்யாணம் செய்து உள்ளே வந்தால்தான் உண்டு. அதனால்தான் 1997-இல் குடியேறிய குடும்பங்களைத் தனியாகச் சேர்த்தார்கள். அதே வருடம் செலவு கட்டுப்படியாகாமல் பழைய குடும்பங்களில் ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள், வருடாவருடம் கேட்டது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று ஆனது.