புதுப்பிப்பு: செஸ்னா 172 இறங்கேக்க மூக்கு ஏறி இறங்கினது சரிவந்திட்டுது

போன மாதம் கேட்டிருந்தன்: கம்பியூட்டர் விமான சிமுலேட்டரில செஸ்னா 172எஸ் எண்ட சின்ன விமானத்தை ஓட்டி, கடல் பக்கத்தால யாழ்ப்பாணத்துப் பலாலி 23ஆம் ஓடுபாதைக்கு வரேக்க வேகம் 60க்கும் 80 நொட்டுக்கும் (மணிக்கு இத்தனை கடல்மைல்) இடையில ஊஞ்சலாடுது எண்டு. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ஜோய்ஸ்டிக்கை மாத்தத் தேவைப்படேல்லை. பயிற்சி விமானித் தம்பி சொன்னதுதான் சரி: நான் டிரிம் சில்லைச் (ஸ்டிக்கைப் பிடிச்சுக்கொண்டே இராமல் மூக்கை அதே நிலையில வைக்கிற சில்லு) சுத்தியே மூக்கைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தனான். இப்ப முதல் ஸ்டிக்கால மூக்கைப் பிடிச்சு, பவரை வைச்சு, வேகம் 65இல நிலைக்குமட்டும் பொறுக்கிறன். பிறகுதான் டிரிம். என்ர மலிவு ஸ்டிக்கில கைக்கு வாற அழுத்தம் ஒழுங்காய்த் தெரியாது; அதால ஸ்டிக் நடுவுக்குத் திரும்புமட்டும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுத்தவேணும். பொறுமைதான் கஷ்டம்!

எதிர்பாராத விஷயம், இறங்காமல் திரும்ப எழும்பேக்க நடந்தது. முழு பிளாப் (இறங்கேக்க சிறகின்ர பின் ஓரத்தில கீழ இறக்கிற தட்டு), 65க்கு டிரிம். அப்பிடியே முழுப் பவர் குடுத்தன். மூக்கு விறுக்கெண்டு மேல போய், சிறகு தூக்குவிசையை இழக்கப்போகுதெண்டு எச்சரிக்கிற ஸ்டால் ஹோர்ன் கத்தத் தொடங்கீட்டுது. ஸ்டிக்கை நல்லா முன்னுக்குத் தள்ளித்தான் தப்பினன். இப்ப பவரோடயே ஸ்டிக்கையும் தள்ளி, பிளாப்பை 20 பாகைக்கு எடுத்து, மூக்கு இறங்கிற பக்கம் டிரிம் சுத்துறன்.

குலுங்கிற காத்தில தாண்டக்கூடாத வேகத்தையும் கேட்டிருந்தனான். 2550 இறாத்தல் முழுப் பாரத்தில 105 நொட், 1900 இறாத்தலில 90. பாரம் குறைஞ்சால் வேகமும் குறையவேணுமாம். நான் தலைகீழாய் நினைச்சிருந்தன். முழு பிளாப்புக்கு 85க்கு மேல போகக்கூடாது.