டேப்பெட் சத்தம் நின்றது, ஆனால் சூடானால் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை; ஆயிலும் கசிகிறது

ஒற்றைசிலிண்டர்:

வணக்கம். என்னுடையது இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய நான்கு ஸ்ட்ரோக் வண்டி. ஏர் கூல்டு, ஒரு சிலிண்டர், இரண்டு வால்வு, ஸ்க்ரூ வைத்த டேப்பெட் (வால்வுக்கு மேல் விடும் சின்ன இடைவெளியைச் சரிசெய்யும் இடம்). அப்பா ஓட்டியது, விற்கும் எண்ணமே இல்லை.

ஹெட்டில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்ததால் மெக்கானிக்கிடம் விட்டேன், டேப்பெட் வைத்துக் கொடுத்தார், சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் பதினைந்து உதை உதைத்தாலும் கிளம்புவதில்லை, கிக்கரும் பிடிமானமே இல்லாமல் லேசாக இறங்குகிறது. ஆறிய பிறகு பழையபடி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

இன்னொன்று ஆயில். இன்ஜினுக்கு இடது பக்கம் அடியில் எப்போதும் ஈரம், நிறுத்திய இடத்தில் நாலைந்து சொட்டு. முன் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) ஆயில் சீலை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. இப்போது இன்ஜினைப் பிரித்து எல்லா பேக்கிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

கிரீஸ்கை:

சத்தம் சுத்தமாக நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஸ்க்ரூ டேப்பெட்டில் கொஞ்சம் சத்தம் கேட்கத்தான் வேண்டும். இடைவெளி இல்லாமல் இறுக்கி வைத்தால், சூட்டில் வால்வு நீளும்போது ராக்கர் (வால்வை அமுக்கித் திறக்கும் கை) அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், வால்வு சீட்டில் (மூடும்போது அது பொருந்தும் வளையம்) முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் போய்விடும். கிக்கர் லேசாக இறங்குவது அதனால்தான். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறக்கிவிடுகிறது, உட்கார விடாமல் ஓட்டினால் அதன் ஓரம் கருகிவிடும். தயவுசெய்து சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இரவு முழுக்க ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னட்டை (கிராங்க் முனையில் இருக்கும் காந்தச் சக்கரம்) இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்பி, பிஸ்டன் மேல்முனையில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியை நேராக்குங்கள். இப்போது இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் லேசாக ஆடினால் சரியான இடம். ஆடவில்லை என்றால் அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் மேல்முனையாக இருக்கலாம், இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். உங்கள் வண்டியில் டேப்பெட் இறுக்கமாக இருப்பதால் சரியான இடத்திலும் ஆடாமல் போகலாம், அதனால் இரண்டு வால்வும் கடைசியாக எப்போது மூடியது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வதே நல்லது: இன்டேக் வால்வு இறங்கி ஏறி மூடிய பிறகு வரும் 'டி' குறிதான் நமக்கு வேண்டியது.

அளவு வண்டியின் மேனுவலில் இருக்கும், அதையே வையுங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தகடு லேசான பிடிமானத்தோடு வழுக்கி வர வேண்டும், அதற்கு அடுத்த தடிமன் நுழையக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இது. இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளந்து பார்க்காமல் மூடியைப் போடாதீர்கள்.

நெடும்பயணி:

டேப்பெட் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் ஆயிலுக்கு வருகிறேன். ஒரே சீல் வருஷத்தில் இரண்டு தடவை போகிறது என்றால் சீலைக் குறை சொல்லிப் பயனில்லை. கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பெட்டி) அழுத்தம் சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று பிரீதர் டியூப் வழியாக வெளியேற வேண்டும். அது மடங்கியோ அடைத்தோ போனால் காற்று ஆயிலைத் தள்ளிக்கொண்டு எந்தச் சீல் பலவீனமோ அந்த வழியாக வரும். டியூபைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஆயில் அளவையும் பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். திருக வேண்டியதைச் சும்மா வைத்துப் பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும், நாமும் கூடுதலாக ஊற்றிவிடுவோம்.

அப்புறம் ஈரம் தெரியும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று பின்னால் தள்ளும். மண்ணெண்ணெய் வைத்து இன்ஜினை நன்றாகக் கழுவி, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். வெள்ளையில் கருப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்றுக்கண்.

பழையஇரும்பு:

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ராக்கர் முனை தேய்ந்து குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் குழியின் மேல் பாலம் போல நிற்கும், நீங்கள் 0.05 மிமீ வைத்ததாக நினைப்பீர்கள், உண்மையில் அதைவிட அதிகம் இருக்கும், சத்தமும் போகாது. அந்தச் சத்தத்தை அடக்கப் போய்த்தான் பலர் டேப்பெட்டை இறுக்கிவிடுகிறார்கள். ஆகவே டார்ச் அடித்து முனையைப் பாருங்கள்.

ஸ்ப்ராக்கெட் தண்டு சீலுக்குள் சுழலும் பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடத்தில் மாட்டினால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் கசியும். பேக்கிங்குக்குப் பதில் சிலிகானை அப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து போய் ஆயில் வழியை அடைத்துவிட்டால் இன்ஜினே போய்விடும்.

ஒற்றைசிலிண்டர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பிரித்துப் பார்த்தேன். எக்ஸாஸ்டில் இருந்ததிலேயே மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இன்டேக்கில் கொஞ்சம் இருந்தது, அதுவும் மேனுவலில் சொன்ன அளவு இல்லை. ராக்கர் முனைகள் வழவழவென்று நன்றாகவே இருக்கின்றன. இரண்டையும் மேனுவல்படி வைத்தேன், லாக் நட் இறுக்கும்போது நீங்கள் சொன்னது போலவே ஸ்க்ரூ நகர்ந்தது, மூன்றாவது தடவைதான் அளவு நின்றது. டேப்பெட் மூடியின் ஓரிங் கையோடு கருவாடு மாதிரி ஒடிந்து வந்தது, புதுசு போட்டுவிட்டேன்.

பிரீதர் டியூப் பேட்டரி பெட்டிக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தது, ஊதினால் காற்றே போகவில்லை. அதை மாற்றிவிட்டு, கழுவி, பவுடர் போட்டு நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். ஹெட் காய்ந்திருக்கிறது. ஸ்ப்ராக்கெட் பக்கம் மட்டும் சீலின் கீழ் விளிம்பில் மெல்லிய கோடு. சூட்டில் நிறுத்தி உடனே உதைத்தேன், இரண்டாவது உதையில் ஸ்டார்ட்.

கிரீஸ்கை:

அருமை. வால்வுக்குப் பெரிய சேதம் வரவில்லை என்றே தோன்றுகிறது. ஐந்நூறு கிலோமீட்டரில் எக்ஸாஸ்ட் இடைவெளியை மட்டும் மறுபடி அளந்துவிடுங்கள், அது குறைந்திருந்தால் சீட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். சீலை மறுபடி மாற்றுவதாக இருந்தால் ஸ்ப்ராக்கெட் மாட்டும் தண்டின் பற்கள் மேல் டேப் சுற்றி, சீலின் உதட்டில் ஆயில் தடவி ஏற்றுங்கள். காய்ந்த சீலை அந்தப் பற்கள் மேல் அப்படியே தள்ளினால் போடும்போதே உதடு கிழிந்துவிடும்.