சென்னையில் இரண்டு நாள்: பேர் போன ஐட்டமா, அந்த நேரத்துக்குச் சூடா இருப்பதா?

கோவைப் பயணி:
அடுத்த வெள்ளிக்கிழமை காலை அப்பாவோடு சேரன் எக்ஸ்பிரஸில் வந்து சென்ட்ரலில் இறங்குகிறேன். சனிக்கிழமை ராத்திரி திரும்பணும். அப்பாவுக்கு 74 வயசு. 1970-களில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கி வேலை பார்த்தவர். அதற்கப்புறம் சென்னைப் பக்கம் வரவே இல்லை. இருவரும் அசைவம் சாப்பிடுவோம். ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்: ரத்னா கஃபே சாம்பார் இட்லி, சரவண பவன் 14 இட்லி, சீனா பாய் கடை நெய்ப் பொடி இட்லி, புகாரி சிக்கன் 65, பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். பெரியவர் வயிறு எல்லாவற்றையும் தாங்காது. எதை விடலாம்?

ஐஸ் ஹவுஸ்:
ஒன்றையும் விடாதீர்கள், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்கு எதனால் பேர் வந்ததோ அதைத்தான் அங்கே கேட்கணும். ரத்னா 1948-ல் ஆரம்பித்த கடை, ஆரம்பித்தவர் மதுராவிலிருந்து வந்தவர். வடக்கத்திக்காரர் கடை இட்லி சாம்பாருக்குப் பேர் வாங்கியிருக்கிறது என்றால் சும்மாவா? கிண்ணத்தில் சாம்பாரைத் தனியாக வைக்கிற வேலை இல்லை. இரண்டு இட்லியும் மூழ்குகிற மாதிரி ஊற்றித்தான் கொடுப்பார்கள். பாதி குறைந்ததும் சப்ளையர் ஜக்கோடு வந்து மறுபடி ஊற்றுவார். ஒரு ஈடு இறக்கினால் அடுத்த ஈடு வேகும் முன்னே தீர்ந்துவிடும், அதனால் ஆறிப்போன இட்லி என்ற பேச்சே கிடையாது. அங்கே உட்கார்ந்து ஆனியன் ரவா கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அடுப்படி:
பாதிதான் சரி. நான் 18 வருஷம் ஓட்டல் சமையல்கட்டில் நின்றவன். எனக்கு ஐட்டத்தின் பேரை விட மணிதான் முக்கியம். காலை ஆறு மணிக்குக் கிண்டின பொங்கல் எட்டு வரைக்கும் இளகலாக இருக்கும். பத்தரைக்கு வருகிறவருக்கு வெந்நீர் விட்டுக் கிளறி, மேலே நெய் ஊற்றித்தான் கொடுப்போம். மூன்றரை மணிக்குச் சரக்கு மாஸ்டர் எண்ணெய் காயவைப்பார், போண்டாவும் பஜ்ஜியும் கேட்க வேண்டியது அப்போதுதான். மெனு கார்டில் எல்லாம் எந்நேரமும் இருக்கும், ருசி எந்நேரமும் இருக்காது. சப்ளையரைப் பார்த்து "இப்ப சூடா என்ன இறங்குது அண்ணே?" என்று கேளுங்கள். பொய் சொல்ல மாட்டார், திரும்பி வந்த தட்டுக்கு அவர்தான் பதில் சொல்லணும்.

பிரியாணிக்கு இது இன்னும் முக்கியம். தம் உடைக்கிற நேரம் பதினொன்றரை, பன்னிரண்டு. அப்போது மூடி மேல் இருக்கிற நெருப்புக் கங்குகளைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள், ஆவி அடங்கும் முன் ஓரத்திலிருந்து தட்டுக் கரண்டியை விட்டு அடிச்சோறும் மேல்சோறும் கலக்கிற மாதிரி எடுப்பார்கள். நகரத்தில் பேர் பெற்ற ஒரு கடைக்கு நாலு மணிக்குப் போய் நான் ஏமாந்திருக்கிறேன். பிரியாணி வேகிற தேக்சாப் பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கல்லா வரைக்கும் கேட்டது. வந்தது எண்ணெய் கசிகிற குழைசல். பன்னிரண்டு மணிக்குப் போயிருந்தால் அதே கடையைப் புகழ்ந்திருப்பேன். இன்னொன்று, முதல் தடவை போகிற கடையில் குஸ்கா கேளுங்கள். கறித்துண்டு இல்லாமல் சோறு தனியாக நிற்கும்போதுதான் மசாலாவும் தம்மும் சரியா என்று தெரியும்.

அப்புறம் கோவைப் பயணி, உங்கள் பட்டியலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஐந்தில் மூன்று இட்லி.

ஐஸ் ஹவுஸ்:
மூன்றும் இட்லிதான், ஆனால் மூன்றும் வேற வேற. 14 இட்லி பொட்டு மாதிரி சின்னச் சின்னதாகச் சாம்பாரில் மிதக்கும், ஸ்பூனால் சாப்பிடுவது. சீனா பாய் கடையில் சாம்பாரே பேச்சில் இல்லை, பொடியும் நெய்யும்தான். ஊருக்குப் புதுசாக வருகிறவர் இரண்டு நாளில் சப்ளையரைக் கேட்டுக் கேட்டு ஆராய்ச்சி பண்ண முடியாது. பேர் போன ஐட்டம் அன்றாடம் அதிகம் விற்பது. அதிகம் விற்றால் அடிக்கடி செய்வார்கள். உங்கள் கடிகாரக் கணக்கு அதிலேயே அடங்கிவிடுகிறது.

அடுப்படி:
இட்லிக்கு அடங்கும், ஒத்துக்கொள்கிறேன். பிரியாணிக்கு அடங்காது. தேக்சாவை ஈடு மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறக்க முடியாது.

தள்ளுவண்டி:
சிக்கன் 65-க்காகப் புகாரிக்குப் போகணுமா என்பதுதான் எனக்குக் கேள்வி. மவுண்ட் ரோடு புகாரி 1951-ல் ஆரம்பித்தது, 65-ஐ 1965-ல் போட்டதாக அவர்கள் சொல்கிறார்கள். அப்புறம் 78, 82, 90 என்றும் சிக்கன் வந்தது. 65 மிளகாய் போட்டது, மெனுவில் 65-வது ஐட்டம் என்று ஊரில் வேற கதைகளும் உண்டு. எந்தக் கதை உண்மையானாலும் சரி, இன்றைக்கு அது தள்ளுவண்டிச் சாப்பாடு. சாயங்காலம் ஏழு மணிக்கு எந்தத் தெருமுனையிலும் சட்டியிலிருந்து நேராக அரித்து, நூறு கிராம் நிறுத்து, வெங்காயம் தூவிக் கொடுப்பார்கள். கையில் சுடச்சுட வாங்கி நின்றபடி தின்கிற 65-க்கு ஏசி அறையில் தட்டில் வருவது ஈடாகாது. பிறந்த இடத்தில் சாப்பிட்டால் ருசி கூடிவிடுமா?

ஐஸ் ஹவுஸ்:
கூடும். எனக்குக் கூடுகிறது.

பாரிமுனை:
அத்தோ பற்றி ஒருவரும் பேசவில்லையே. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. பர்மா பஜாரே அவர்களுக்காக 1969-ல் வந்ததுதான். செகண்ட் லைன் பீச் தெருவில் சாயங்காலம் வண்டிகள் நிற்கும். ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸ், மெலிசாக நறுக்கின முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள். மேலே மொறுமொறு பேஜோவைக் கையால் நொறுக்கிப் போட்டு, அதே கையால் பிசைந்து கொடுப்பார். வாழைத்தண்டு சூப் கூடவே வரும்.

என் வாதம் ஒன்றுதான்: அத்தோவை வறுத்துக் கேட்காதீர்கள். இப்போது பாதிப் பேர் 'ஃப்ரை' என்றுதான் கேட்கிறார்கள். கல்லில் போட்டுப் புரட்டினால் புளியும் பச்சை முட்டைக்கோஸும் செத்துப்போகும், ரோட்டோர நூடுல்ஸ் ஆகிவிடும். பெரியவருக்கு முட்டை மசாலா வாங்கிக் கொடுங்கள். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் விட்டுத் தருவார்கள். அப்படியே ஒரே வாய். சூப் வயிற்றுக்கும் இதம்.

தள்ளுவண்டி:
வறுத்தது சூடாக இருக்கும், வயசானவருக்கு அதுதான் பத்திரம். மழைக்காலத்தில் நானும் வறுத்ததுதான் கேட்பேன்.

பாரிமுனை:
சூட்டுக்குச் சூப் இருக்கிறதே. அத்தோவைக் கெடுக்க வேண்டாம்.

கோவைப் பயணி:
எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 65 வந்ததும் நிறுத்தச் சொன்னார். மேன்ஷனில் இருந்த நாளில் ஆபீஸ் விட்டு வரும்போது நண்பர்களோடு புகாரியில் டீ மட்டும் குடிப்பார்களாம். பக்கத்து மேசைக்குச் சிவப்பாக ஒரு தட்டு போகும், அதுதான் 65 என்று யாரோ சொல்லித் தெரியும். சம்பளத்தில் ஊருக்கு அனுப்பினது போக மிச்சம் அதற்குப் போதாது. கடைசி வரைக்கும் அங்கே அவர் அதைச் சாப்பிடவே இல்லை. இதை இத்தனை வருஷத்தில் எங்களிடம் சொன்னதும் இல்லை.

தள்ளுவண்டி:
அப்படியானால் புகாரிக்கே போங்கள். நான் சொன்னது உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. முழுத் தட்டாக வாங்குங்கள், டீயும் சேர்த்து.

அடுப்படி:
எனக்கும் சம்மதம். ஆனால் பன்னிரண்டரைக்குப் போங்கள். கூட்டம் ஏறுகிற நேரத்தில் எண்ணெய் காய்ந்தபடியே இருக்கும். 65-ஓடு ஒரு பிரியாணி, இருவருக்கும் ஒன்று போதும். சரவண பவனை விட்டுவிடுங்கள். 1981-ல் கே.கே. நகரில் ஆரம்பித்த கடைதான், ஆனால் 14 இட்லியைக் கோவையிலேயே அவருக்கு வாங்கித் தரலாம். வெள்ளி காலை சென்ட்ரலிலிருந்து நேராகத் திருவல்லிக்கேணி, ரத்னா. மதியம் புகாரி. சாயங்காலம் ஓய்வு. சனிக்கிழமை சாயங்காலம் பூக்கடைப் பக்கம் சீனா பாய் கடையில் ஒரே தட்டு பொடி இட்லி இருவருக்கும், அங்கிருந்து ஆட்டோவில் செகண்ட் லைன் பீச். வண்டி ஏறும் முன் கனமாக வேண்டாம்.

ஐஸ் ஹவுஸ்:
ஆக, ஒன்றையும் விடாதீர்கள் என்று நான் சொன்ன பட்டியலில் நாலு தேறிவிட்டது.

அடுப்படி:
நேரத்தைப் போட்டது நான்.

கோவைப் பயணி:
இருவருக்கும் நன்றி. அப்பா ஒன்று கேட்கச் சொல்கிறார்: ரத்னாவில் இட்லியைத் தீர்த்த பிறகும் வெறும் சாம்பார் கேட்டால் ஊற்றுகிறார்களா? அந்தக் காலத்தில் மாசக் கடைசியில் ஒரு பிளேட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டதாகச் சொல்கிறார்.

ஐஸ் ஹவுஸ்:
ஊற்றுகிறார்கள். அவர் கேட்கக்கூட வேண்டாம், தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் போதும்.