நோட்டத்தில் (NOTAM, விமானிகளுக்கான அறிவிப்பு) ஐந்து நாள் தடை: இடையில் பறக்கலாமா?

கேள்வி (பயிற்சி விமானி):
முதல் தனி கிராஸ் கன்ட்ரிக்கு (ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குப் போகும் நெடும்பயணம்) வழி போட்டுக்கொண்டிருக்கிறேன். பாதையின் குறுக்கே ஒரு தற்காலிகத் தடைப்பகுதி வந்துவிட்டது. நோட்டத்தில் பி) 10ஆம் தேதி 0300, சி) 14ஆம் தேதி 0600, டி) தினமும் 0300–0600, எஃப்) கீழ் வரம்பு தரைமட்டம், ஜி) மேல் வரம்பு கடல்மட்டத்திலிருந்து 3000 அடி என்று இருக்கிறது. செயலியில் ஐந்து நாளும் பெரிய சிவப்பு வட்டம் தெரிகிறது. பாதையையே மாற்றிவிட வேண்டுமா?

பதில்:
தேவையில்லை. பி, சி இரண்டும் நோட்டம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைச் சொல்கின்றன. டி இருந்தால், அந்த நேரங்களில் மட்டும்தான் தடை. ஆனால் எல்லாமே யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரத்துக்கு மாற்றும்போது தேதியே மாறிப்போகும் இடங்களும் உண்டு, கவனம்.

அப்புறம், அந்த வட்டத்தை அப்படியே நம்பாதீர்கள். நோட்டத்தின் தொடக்கத்தில் குறியீடுகளாக வரும் க்யூ வரியின் கடைசியில் ஒரு மையப்புள்ளியும் கடல் மைலில் ஆரமும் இருக்கும். நோட்டங்களைத் தேடிப் பிரித்தெடுக்க வசதியாக, பகுதி முழுவதும் அடங்குகிற மாதிரி கொடுப்பது அது. பல செயலிகள் அதைத்தான் வரைகின்றன. உண்மையான எல்லை ஈ) பத்தியில் இருக்கிறது. அதிலுள்ள ஆயங்களை வரைபடத்தில் நீங்களே குறித்துப் பாருங்கள். பாதை அதைத் தொடாமலேகூடப் போகலாம்.

கேட்டவர்:
நன்றி சார். தடை நேரத்திலேயே 4500 அடியில் மேலாகப் போனால்?

பதில்:
உச்சவரம்பு கடல்மட்டக் கணக்கில் இருப்பதால், க்யூஎன்ஹெச் (உயரமானி கடல்மட்டத்திலிருந்து உயரம் காட்ட அதில் வைக்கும் காற்றழுத்த அளவு) சரியாக வைத்திருந்தால் 1500 அடி மேலே இருப்பீர்கள். இதுவே தரையிலிருந்து 3000 அடி என்று போட்டிருந்தால் கதை வேறு: கீழே 1800 அடி உயர மேடு இருந்தால் வரம்பு 4800க்குப் போய்விடும், 4500 உள்ளேதான். மேகம் தாழ்ந்து இறங்க வேண்டி வந்தால் எந்தப் பக்கம் விலகுவது என்பதையும் தரையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொருவர்:
ஒன்று சேர்க்கிறேன். 0600க்கு முன்பே வேலை முடிந்திருக்கும் என்று நீங்களாக நினைத்து உள்ளே நுழைய வேண்டாம். ரேடியோவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாரிடம் கேட்டு, தடை செயல்பாட்டில் இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகு போங்கள். கிளம்பும் முன் நோட்டத்தை மறுபடி எடுங்கள். பழையதற்குப் பதிலாகப் புதியது வந்திருந்தால் நேரம், உயரம் எல்லாமே மாறியிருக்கலாம்.