சொதிக்குள் விழுந்த ஹலப்பீனோ

வெள்ளவத்தை

போன ஐப்பசியில் நடந்தது. வெளியே கொட்டுகிற மழை, வீட்டில் பச்சைமிளகாய் முடிந்துவிட்டது. மகள் பீட்சா செய்வதற்கென்று விலை பாராமல் வாங்கி வைத்த ஹலப்பீனோ ஏழெட்டு பிரிஜ்ஜில் கிடந்தன. கரும்பச்சையில் குண்டுக் குண்டுக் காய்கள், தோலில் பழுப்பாகச் சின்னச் சின்னக் கீறல்கள். மிளகாய்க்கு மிளகாய்தானே என்று நாலை எடுத்து, நுனியைக் கீறிச் சொதிக்குள் போட்டேன்.

சொதி உறைக்கவேயில்லை. கறிமிளகாய் வாசம் ஒன்று மட்டும் மேலே மிதந்தது. இடியப்பத்தோடு சாப்பிட்ட மாமி ஒன்றும் சொல்லவில்லை, சட்டிக்குள் கரண்டியை விட்டு மிளகாயைத் தேடினார். அதுவே எனக்குப் போதும். ஆனால் அந்தக் காயில் ஒன்றை முழுதாகக் கடித்த என் வீட்டுக்காரர் எழும்பி ஓடினார். சொதி சப்பென்று இருக்கிறது, காய்க்குள் நெருப்பு இருக்கிறது. இது என்ன கூத்து?

மிச்சம் இருந்ததை நீளமாகப் பிளந்து பார்த்தேன். நம் பச்சைமிளகாயின் தோல் மெல்லியது. கீறிப் போட்டால் இரண்டு கொதியில் துவண்டு, உள்ளே இருப்பதைப் பாலுக்கு விட்டுவிடும். ஹலப்பீனோவின் சதையோ தடிப்பு, வேகவே நேரம் எடுக்கும். உறைப்பு இருக்கும் இடமும் அந்தச் சதை அல்ல. விதையும் அல்ல. விதைகளைப் பிடித்து வைத்திருக்கும் வெள்ளைத் தசையில்தான் உறைப்பைத் தருகிற கப்சைசின் என்ற பொருள் ஊறுகிறது, விதை அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் உறைக்கிறது, அவ்வளவுதான். சொதியோ நீண்ட நேரம் கொதிக்க விடுகிற சாமான் இல்லை. உறைப்பு வெளியே வரமுன் நான் சட்டியை இறக்கிவிட்டேன்.

உங்கள் வீடுகளிலும் இது ஏதாவது செய்திருக்கும். சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் நாக்கோடு தப்பினார். எனக்குக் கை போனது.

கிறிஸ்மஸுக்குக் கறிமிளகாய்க்குள் ரின்மீனும் உருளைக்கிழங்கும் அடைத்து, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் பிரட்டிப் பொரிப்போமே, அதையே ஹலப்பீனோவில் செய்ய ஆசைப்பட்டேன். நாற்பது காய். கையுறை இல்லை. வெள்ளையையும் விதையையும் பெருவிரல் நகத்தாலேயே வழித்து எடுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் கள்ளத்தனம். அடைத்து முடிக்கிற நேரம் பத்து விரலும் அடுப்பில் வைத்த மாதிரி. ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டால் சுகம், எடுத்தால் பழையபடி எரிவு. கப்சைசின் தண்ணீரில் கரையாதாம், எண்ணெயில்தான் கரையுமாம். அம்மம்மாவுக்கு இந்த விஞ்ஞானம் ஒன்றும் தெரியாது, ஆனால் தேங்காயெண்ணெயைக் கை முழுக்கத் தேய்த்துவிட்டுப் பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவச் சொன்னார். மூன்று தரம் செய்தேன். முழுதாகப் போகவில்லை, நித்திரை கொள்ளுமளவுக்கு அடங்கியது. கண்ணுக்குள் லென்ஸ் போடுகிறவர்கள் தயவுசெய்து இந்த வேலையைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ருசியைக் கேட்டால், கறிமிளகாயைவிட நன்றாகவே இருந்தது. கறிமிளகாய் பொரிந்து துவண்டு எண்ணெய் குடித்துவிடும். இது கடிக்கும்போது நொறுக்கென்று நின்றது. அந்தச் சதைக்கு ஏற்ற வேலை அதுதான் என்று நினைக்கிறேன், சொதி அல்ல.

ஒரே பெட்டியில் வாங்கிய காய்தான், ஆனால் ஒன்பது பேர் "இதென்ன, உறைப்பே இல்லையே" என்றார்கள், பத்தாவதாக எடுத்த சித்தப்பா பேச்சில்லாமல் பால் கேட்டார். பால் நல்லதுதான், அதிலுள்ள புரதம் கப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அவர் கையில் பியர் இருந்தது, அது உதவவில்லை.

பம்பலப்பிட்டி

போத்தலில் வரும் ஹலப்பீனோ வட்டத் துண்டுகளிலிருந்து விதை பொறுக்கி நட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மூன்று கிழமை தண்ணீர் ஊற்றினேன். வினாகிரியில் ஊறி, சூடாக்கி மூடிய போத்தல் விதை எங்கே முளைக்கும்? யாரும் சிரிக்க வேண்டாம்.

மருதானை

வெளிநாட்டு மிளகாய் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு சொல். மெக்சிகோவில் வெராகுரூஸ் மாநிலத்தின் தலைநகர் ஹலாபா, அந்த ஊரின் பெயர்தான் இந்தக் காய்க்கு. அதனால் முதலெழுத்தை ஹ என்றே சொல்ல வேண்டும், என் வீட்டில் இன்னும் ஜலபீனோதான். நம் பச்சைமிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, அதே கப்சிகம் அன்னூம் இனம். போர்த்துக்கேயரோடு வந்து இறங்கியது. அதற்கு முன் இங்கே உறைப்பென்றால் மிளகு, அதனால்தான் வந்த காய்க்கும் மிளகின் பெயரையே வைத்தோம்.

தெகிவளை

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி சொன்ன அந்தப் பத்தாவது காய்க்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்று வருடமாக மொட்டைமாடியில் இதை வளர்க்கிறேன், அதிலே கண்டது.

முதலில் உறைப்பின் அளவு. 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர், மிளகாய்ச் சாற்றைச் சீனித்தண்ணீரில் எத்தனை மடங்கு கரைத்தால் நாக்குக்கு உறைப்புத் தெரியாமல் போகும் என்று ஆட்களை வைத்துச் சுவைத்துப் பார்த்தார். அந்தக் கணக்கில் ஹலப்பீனோவுக்கு 2,500 முதல் 8,000 வரை. ஒரே காய்க்கு மூன்று மடங்கு வித்தியாசம்! டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் வேண்டுமென்றே உறைப்பைக் குறைத்து வளர்த்தெடுத்த இனம் ஒன்றும் இருக்கிறது, ஆகவே எந்த விதை என்பது ஒரு பக்கம். மறுபக்கம் தண்ணீர். செடி கொஞ்சம் தாகத்தில் வாடினால் காய் உறைக்கும், நாள் தவறாமல் ஊற்றினால் சப்பென்று போகும். நான் ஊருக்குப் போய் ஒரு கிழமை செடிகளை மறந்த முறைதான் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அக்கா பார்த்த பழுப்புக் கீறல்கள் நோய் அல்ல. உள்ளே சதை வேகமாகப் பெருக்கத் தோல் வெடித்து ஆறிய தழும்பு. அப்படிக் கீறல் விழுந்த காய் நன்றாக முற்றியது, அனேகமாக உறைப்பும் கூடும். சூப்பர்மார்க்கெட்டில் பளபளவென்று கீறல் இல்லாததைப் பொறுக்குகிறவர்கள் அனேகமாகச் சாதுவான காயைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

விதைக்குப் பச்சைக்காய் உதவாது, சிவக்கப் பழுத்தது வேண்டும். வாங்கியதில் சிவக்கத் தொடங்கியிருந்த ஒன்றை வெளியே வைத்துப் பழுக்கவிட்டு விதை எடுத்தேன், பத்து நாளில் முளைத்தது. முதல் வருடம் தையில் போட்டேன், மடத்தனம். பூக்கிற நேரம் சித்திரை வெக்கை. பகலை விடுங்கள், இரவிலும் கொழும்பு குளிராது, பூவெல்லாம் காம்போடு கொட்டியது. மிஞ்சியதை வைகாசி மழை வேரோடு அழுகவைத்தது. இப்போது ஆனி கடைசியில் போட்டு, உரப்பையில் மண்ணோடு தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்து, அடியில் நாலைந்து துளையிட்டுத் தாழ்வாரத்தின் கீழ் வைக்கிறேன். நட்டு எழுபது, எண்பது நாளில் பச்சைக்காய் பறிக்கலாம். கடற்பக்கம் வைத்த பை மட்டும் இலைநுனி கருகி நிற்கும், உப்புக்காற்று அதற்கு ஆகாது. இலைச்சுருள் வந்தால் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரமும், பின்னேரத்தில், இலையின் அடிப்பக்கமாக அடியுங்கள். ரொம்பச் சுருண்டதைப் பிடுங்கிவிடுவதுதான் மற்றச் செடிகளுக்கு நல்லது.

பக்கத்தில் கொச்சி மிளகாய்ச் செடி இருந்தால் ஹலப்பீனோவுக்கு உறைப்பு ஏறும் என்று கீழ்வீட்டு அன்ரி சத்தியம் செய்கிறார். ஏறாது. கலப்பு நடந்தாலும் அது விதைக்குள்தான், அந்த விதையை நட்டு வரும் அடுத்த செடியில்தான் தெரியும்.

அணில் ஒரு கடி கடித்துவிட்டு எறிந்துவிட்டுப் போகும். கிளி முழுதாகத் தின்னும். பறவைகளுக்கு இந்த உறைப்பு உறைப்பதில்லை. நமக்குச் சூட்டை உணர்த்துகிற அதே நரம்பு உணர்வியைத்தான் கப்சைசின் தட்டுகிறது, அதனால்தான் "எரிகிறது" என்கிறோம். அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. என் கிளிகளுக்கு அந்தக் கவலையே இல்லை.

பழுத்த காய் நிறையக் கிடக்கிறது. வெள்ளவத்தை அக்கா, ஆள் அனுப்பினால் தருகிறேன்.

வெள்ளவத்தை

தெகிவளைத் தம்பி தந்த காய்களுக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பாதியை மோர்மிளகாய் போட்டேன். கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் பாயில் பரப்பினேன். நல்ல வெயில்தான். ஆனால் வெளியே சுருங்கினாலும் உள்ளே ஈரம் விடவில்லை, மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம். அத்தனையும் குப்பைக்கு. அப்புறம்தான் விளங்கியது, மெக்சிகோக்காரர்கள் பழுத்த ஹலப்பீனோவை வெயிலில் விடாமல் புகையில் வாட்டுவது ஏன் என்று. இவ்வளவு தடித்த சதையை வெயில் காயவைக்க முன் அது அழுகிவிடும். புகையில் வாட்டியதற்குச் சிப்பொட்லே என்று பெயர். நம் ஊரில் கொறுக்காய்ப்புளியை அடுப்புக்கு மேலே புகையில் போடுவோமே, அந்த யோசனைதான்.

மிச்சப் பாதியை விதை எடுக்காமல் இரண்டாகப் பிளந்து, பழைய பிஸ்கட் டின்னில் கம்பிவலை வைத்து, கீழே சிரட்டைக் கரியும் ஈரக் கறுவாக் குச்சியும் போட்டுப் பகல் முழுக்கப் புகைத்தேன். பக்கத்து வீட்டார் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். இரவு கேக் ஒவனில் மிகக் குறைந்த சூட்டில் விட்டேன், மறுநாளும் அப்படியே. தோல் போல வளையும் பதத்துக்கு வந்தது, நிறம் கறுத்த சிவப்பு.

அதில் இரண்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம், உப்பு, தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப்புளியோடு இடித்துச் சம்பலாக்கினேன். செத்தல் போடவே இல்லை. உறைப்பு மெதுவாகப் பின்னால் வருகிறது, முன்னால் முழுக்கப் புகைவாசம்.

மாமி ஒரு வாய் வைத்துவிட்டுக் கையை நிறுத்தினார். "பிள்ளை, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே, ஏன் மாசிக்கருவாடு போட்டனீ?"

டின்னைத் திறந்து காட்டினேன், மணக்கவும் கொடுத்தேன். அவர் நம்பவில்லை. சம்பலைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, வெறும் சொதியோடு சாப்பிட்டு எழும்பினார்.