கருப்பு காரில் உப்புத் தண்ணீர்த் தடமும் மங்கலும்: முதலில் பாலிஷா, வேக்ஸா?

கேள்வி: முத்துநகர்வாசி, தூத்துக்குடி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஐந்து ஆண்டுகள் ஆன கருப்பு நிற ஹேட்ச்பேக் கார் உள்ளது. நிறுத்துவது திறந்த வெளியில், கழுவுவது வீட்டு போர் தண்ணீரில். பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகச் சொட்டுத் தடங்கள் விழுந்துள்ளன. ஷாம்பு போட்டுக் கழுவினாலும் அவை போவதில்லை. வெயில் படும்போது சிலந்தி வலைபோல மெல்லிய கீறல்களும் தெரிகின்றன. கடைகளில் விசாரித்தால் ஒருவர் ரப்பிங் காம்பவுண்டை எடுத்து நீட்டுகிறார், இன்னொருவர் லிக்விட் வேக்ஸ் போதும் என்கிறார், மூன்றாமவர் நேரே செராமிக் கோட்டிங் என்ற கடினமான காப்புப் பூச்சுக்கு விலை சொல்கிறார். எல்லா டப்பாவிலும் பளபளப்பு என்றுதான் எழுதியிருக்கிறது. எதை முதலில் வாங்குவது? கையால் செய்தால் போதுமா? பெயிண்ட் தேய்ந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: பட்டறை நண்பன், கோவை

வணக்கம் ஐயா. தங்கள் அச்சம் நியாயமானதே. இக்காலக் கார்களில் நிறத்தின்மேல் நிறமற்ற கிளியர் கோட் ஒன்று இருக்கும்; அதன் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரைதான். நாம் எழுதும் ஏ4 தாளே ஏறத்தாழ 100 மைக்ரான் தடிமன் கொண்டது. காம்பவுண்டும் பாலிஷும் நுண்துகள் கலந்த பசைகள். அவை அந்தக் கிளியர் கோட்டைச் சிறிதளவு சீவிச் சமப்படுத்துவதால்தான் கீறல் மறைந்து ஒளி சிதறாமல் திரும்புகிறது. இவ்விரண்டில் காம்பவுண்டின் துகள் முரடு, பாலிஷின் துகள் மென்மை. வேக்ஸ் எதையும் சீவுவதில்லை, இருக்கும் பரப்பின்மேல் காப்புப் படலமாக நிற்கிறது, அவ்வளவுதான். ஆகவே உப்புத் தடத்தின்மேல் வேக்ஸ் பூசினால், தடத்துக்கும் சேர்த்தே பளபளப்புக் கிடைக்கும்.

முதல் வேலை பாலிஷும் அல்ல, வேக்ஸும் அல்ல. அந்த உப்பை எடுப்பது. போர் தண்ணீரில் உள்ள கால்சியம் தண்ணீர் காய்ந்ததும் சுண்ணாம்பாகப் படிகிறது, அது ஷாம்புக்குக் கரையாது, அமிலத்துக்குக் கரையும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து, நிழலில் நின்று ஆறிய பானெட்டின்மேல் ஒரு நிமிடம் போர்த்தி வைத்துப் பிறகு நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காயவிடக் கூடாது. தடம் மறைந்தால் அது மேலே படிந்த உப்பு. மறையாமல் பள்ளம்போல நின்றால் கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று பொருள், அதற்குத்தான் பாலிஷ் தேவை.

அடுத்து, கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, கழுவிய பரப்பை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியே தெளிவாகத் தெரியும். அப்படித் தெரிந்தால், ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பார் ஒன்று வாங்கி, ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்தபடி அழுத்தாமல் இழுங்கள். கட்டி தரையில் விழுந்தால் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். ஒட்டிய மணல் புதிய கீறல்களைப் போட்டுவிடும்.

அதன் பிறகும் கீறல்கள் கண்ணை உறுத்தினால் மென்மையான பாலிஷிலிருந்து தொடங்குங்கள். பின்பக்கக் கதவின் கீழ்ப்பகுதிபோலக் கண்ணில் படாத இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் செய்து, கைப்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். அதில் தீர்ந்தால் காம்பவுண்டைத் தொடவே வேண்டாம். கையால் செய்தால் மெல்லிய கீறல்கள் ஓரளவு குறையும், முழுவதும் போகாது. மெஷின் வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன் வகையைக் கேளுங்கள். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் பழகாத கையில் இருந்தால், உடல் தகட்டின் மடிப்பு விளிம்புகளில் சூடேறி கிளியர் கோட்டையே எடுத்துவிடும்.

பதில்: நெய்தல், நாகர்கோவில்

மேலே சொன்ன வரிசையோடு உடன்படுகிறேன். ஆனால் கழுவும் தண்ணீரை மாற்றாமல் இதைச் செய்தால் ஒரே மாதத்தில் பழைய நிலைதான். சிக்கனம் கருதி ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரைப் பிடித்துக் கார் கழுவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் உப்பு போர் தண்ணீரைவிடச் செறிவாக இருக்கும் என்பதால், கருப்பு காருக்கு அதைப்போலக் கேடு வேறில்லை. போரில் கழுவினாலும் கடைசி ஒரு வாளி மழைநீராகவோ கேன் தண்ணீராகவோ இருக்கட்டும், உடனே துடைத்து உலர்த்துங்கள். செராமிக் கோட்டிங்கை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அது போட்டபின் தண்ணீர் உருண்டை உருண்டையாக நிற்கும். அந்த உருண்டைகள் வெயிலில் காய்ந்தால் உப்புத் தடம் அங்கும் விழும். 9எச் என்று அதன் விளம்பரத்தில் வருவது பென்சில் கீறல் சோதனையின் கடினத்தன்மை அளவு, கல்லும் கண்ணாடியும் கீறாது என்பதற்கான உறுதி அல்ல.

மறுகேள்வி: முத்துநகர்வாசி

இருவருக்கும் நன்றி. வினிகரில் கூரைத் தடங்கள் முழுவதும் போய்விட்டன; பானெட்டில் மட்டும் சில மங்கலாக நிற்கின்றன, அவற்றுக்கு மென்மையான பாலிஷ் வாங்குகிறேன். காப்புக்குக் கார்னௌபா வேக்ஸா, சிந்தெடிக் சீலன்டா? சில டப்பாக்களில் கிளீனர் வேக்ஸ் என்றும் இருக்கிறதே?

பதில்: பட்டறை நண்பன், கோவை

கார்னௌபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையினத்தின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் அதுவும் ஒன்று, 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். கருப்பு நிறத்துக்கு அது தரும் ஆழம் தனி அழகு. ஆனால் தங்கள் ஊர் வெயிலில் வெளியே நிற்கும் காரில் சில வாரங்களே தாங்கும். செயற்கைப் பொருளால் ஆன காப்புப் பூச்சான சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். மாதந்தோறும் ஞாயிற்றுக்கிழமையைக் காருக்குக் கொடுக்க மனமிருந்தால் கார்னௌபா, இல்லையென்றால் சீலன்ட். தினமும் ஓடும் காருக்கு நான் சீலன்டையே சொல்வேன். கிளீனர் வேக்ஸில் சிறிது பாலிஷ் துகளும் கலந்திருக்கும், எனவே அதை அடிக்கடி பூசுவது கிளியர் கோட்டை அடிக்கடி சீவுவதாகிவிடும். பாலிஷ் செய்தபின் தங்களுக்கு அது தேவையில்லை.

எதைப் பூசினாலும் மெல்லியதாகப் பூசுங்கள்; தடிமனாகப் பூசினால் துடைக்கும் சிரமம்தான் கூடும். காய்ந்ததா என்று பார்க்க விரலால் ஒரு கோடு இழுங்கள்: கோடு மங்காமல் சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுசினால் காத்திருங்கள். தொடங்கும் முன் பம்பரின் கருப்பு பிளாஸ்டிக் பட்டைகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்; வேக்ஸ் அங்கே பட்டால் வெள்ளையாகக் காய்ந்து, எடுப்பது பெரும்பாடு. பாத்திரம் துலக்கும் சோப்பு நீரை இனி காருக்குப் பயன்படுத்த வேண்டாம், அது பூசிய வேக்ஸைக் கழுவிக்கொண்டு போய்விடும்.