நம்ம ரூட்டை வேறு ஆள் ஓட்டின அனுபவம் உண்டா?

லாஸ்பேட்டை கோ-பைலட்:
வெட் லீஸ் சமாசாரம், அதாவது வேறு கம்பெனி விமானத்தை அதன் ஆட்களோடு வாடகைக்கு எடுப்பது, இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆறு மாதம் போய்வந்த வளைகுடா ரூட் திடீரென்று என் ரோஸ்டரில் இல்லை. சரி என்று லீவில் ஊருக்கு வந்து கடற்கரைச் சாலையில் இரண்டு நாள் சும்மா நடந்தேன். திரும்பிப் போன அன்று, விடிகாலை மூன்றரைக்கு, என் ரூட்டை ஓட்ட வந்த வாடகை விமானம் நிற்கிறது. வாலில் எங்கள் கம்பெனி நிறம்கூட இல்லை, வெறும் வெள்ளை. அதன் கேப்டன் என்னிடம் வந்து காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாட்டில் குளிர்காலத்தில் கூட்டம் இல்லையாம், அதனால் விமானத்தை ஆளோடு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், மகளைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிறதாம். இவர்மேல் எப்படிக் கோபப்படுவது? காபிக்குக் காசு நான்தான் கொடுத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மஞ்சக்குப்பம் டு அமெரிக்கா:
நான் எதிர்ப்பக்கத்து ஆள். பெரிய கம்பெனி பெயர் எழுதிய விமானத்தை ரீஜனல் கம்பெனிச் சம்பளத்துக்கு ஓட்டினவன். அங்கே பைலட் சங்க ஒப்பந்தத்தில் ஸ்கோப் என்று ஒரு பகுதி உண்டு: வெளிக் கம்பெனி ஓட்டலாம், ஆனால் 76 சீட்டுக்கு மேல் கூடாது, எடை 86,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. நான் ஓட்டிய எம்ப்ரேயர் 175 விமானத்தில் 88 பேர் வரை உட்காரலாம், ஆனால் அந்த ஒப்பந்தத்தால் 76 சீட்டுதான் போட்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு பாட்டி, இந்தக் குட்டி விமானத்தில் இவ்வளவு தாராளமா என்று பாராட்டிவிட்டு இறங்கினார். பின்னாலேயே ஓசியில் வந்த பெரிய கம்பெனி கேப்டன், "அந்தப் பன்னிரண்டு சீட்டும் என்னுடையது தம்பி" என்றார் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன். ரூமுக்குப் போன பிறகுதான் சுட்டது.

சிப்காட் மஞ்சள் டோக்கன்:
லாஸ்பேட்டை சாருக்குக் காபிக் காசு உறுத்துகிறதாம்! ஒரு கெமிக்கல் ஆலையில் 11 வருஷம் காண்ட்ராக்டில் இருந்தேன். ஒரே பாய்லர், ஒரே ஷிப்ட், கேன்டீன் டோக்கன் மட்டும் எனக்கு மஞ்சள், பர்மனென்டுக்குப் பச்சை. பச்சைக்குத்தான் மீன் குழம்பு. ஸ்கோப் என்பதும் உள்ளே இருக்கிறவன் போட்ட வேலிதானே, வெளியே நிற்கிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

மஞ்சக்குப்பம் டு அமெரிக்கா:
வேலிதான். வெளியே நின்றவன் என்றுதானே நானும் சொன்னேன்?

முதுநகர் பெரியவர்:
என்னையும் ஒருநாள் கேட்டிலேயே நிறுத்தினார்கள், அதை விடுங்கள். லாஸ்பேட்டை தம்பி, கோர்ட்டை நம்பி உட்காராதே. 1996-ல் ஏர் இந்தியா துப்புரவுத் தொழிலாளர் வழக்கில், காண்ட்ராக்ட் முறையை ஒழித்தால் அந்த ஆட்களை நிறுவனமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இங்கே வெடி போட்டுக் கொண்டாடினோம். 2001-ல் செயில் உருக்கு நிறுவன வழக்கில் ஐந்து நீதிபதிகள், அப்படித் தானாக வேலை கிடைக்காது என்று மாற்றிவிட்டார்கள். அதனால் எதையும் எழுத்தில் வாங்கு. லீஸே கூடாது என்று கேட்டால் தரமாட்டான். இத்தனை விமானம், இத்தனை மாதம், அதுவரை நம் ஆட்களுக்கு மாதம் இத்தனை மணி நேரம் குறையாது, ஒருவனையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று கேள். அப்புறம், விடிகாலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே.

லாஸ்பேட்டை கோ-பைலட்:
ஐயா, கேட்க எங்கள் கம்பெனியில் சங்கமே கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் அட்மின், எச்ஆர் ஆளோட மச்சான்.